வில்லியம் கேம்பலும் ஐவர்மெக்டினும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுக்கிறேன். விடுமுறை நாட்களில் பள்ளிகளுக்கும் ஊர்ப்புற நூலகங்களுக்கும் போய் ஒட்டுண்ணிப் புழுக்களைப் பற்றிப் பேசுவதுண்டு. எங்கே பேசினாலும் கடைசியில் 2015-ல் மருத்துவ நோபல் பெற்ற வில்லியம் கேம்பலிடம் வந்து நிற்பேன். அதன் பிறகு எழும் கேள்விகள் ஊருக்கு ஊர் பெரிதாக மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன்.

ஒட்டுண்ணியியல், நுண்ணுயிரியல் ரெண்டும் ஒண்ணுதானே சார்?

இல்லை, ஆனால் அக்கம்பக்கத்து வீடுகள். பாக்டீரியா, வைரஸ், பூஞ்சை போன்றவற்றைப் படிப்பது நுண்ணுயிரியல். இன்னொரு உயிரின் உடம்பிலோ உடம்பின் மேலோ தங்கி, அதன் செலவில் பிழைக்கும் விலங்குகளையும் ஒரு செல் உயிரிகளையும் படிப்பது ஒட்டுண்ணியியல். மலேரியாக் கிருமி, நாடாப்புழு, கொக்கிப்புழு, உண்ணி, பேன் எல்லாம் இதில் வரும். கண்ணுக்குத் தெரியாத மலேரியாக் கிருமியும் இதில் உண்டு, பல மீட்டர் வளரும் நாடாப்புழுவும் உண்டு.

நம் மருத்துவக் கல்லூரிகளில் இரண்டையும் நுண்ணுயிரியல் துறையே நடத்துகிறது. அதனால்தான் ஒன்று என்று தோன்றுகிறது. கேம்பலின் கதையில் இந்த இரண்டு வீடுகளும் ஒரு சுவரைப் பகிர்ந்துகொள்கின்றன: மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தயாரித்த பொருள்தான் புழுவுக்கு மருந்தானது.

யார் இந்த கேம்பல்? சுருக்கமா சொல்லுங்களேன்.

1930-ல் அயர்லாந்தில் பிறந்தவர். டோனிகால் மாவட்டத்தில் ரமெல்டன் என்ற சிற்றூரில் வளர்ந்தார். அப்பா விவசாயிகளுக்கு வேண்டிய பொருள்களை விற்கும் வியாபாரி. டப்ளினில் டிரினிட்டி கல்லூரியில் விலங்கியல் படித்து 1952-ல் முதல் வகுப்பில் தேறினார். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கல்லீரல் தட்டைப்புழுவை ஆராய்ந்து 1957-ல் முனைவர் பட்டம் வாங்கினார். அதே ஆண்டு நியூ ஜெர்சியில் மெர்க் மருந்து நிறுவனத்தின் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1990 வரை, 33 ஆண்டுகள், அங்கேதான்.

அந்த 33 ஆண்டுகளில் அவர் பெயரைச் சேர்த்துச் சொல்லும் புழு மருந்து ஐவர்மெக்டின். அதற்காகத்தான் நோபல்.

புழு மேல போய் ஒருத்தருக்கு ஆசை வருமா?

வரும். எனக்கு வந்திருக்கிறது, என் மாணவர்கள் சிலருக்கும் வந்திருக்கிறது. கேம்பலுக்கு 14 வயதில் ஒரு விவசாயக் கண்காட்சியில் விதை விழுந்தது. மாட்டின் கல்லீரலைத் தாக்கும் தட்டைப்புழுவுக்கு மருந்து உண்டு என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டார். கல்லூரியில் டெஸ்மண்ட் ஸ்மித் என்ற பேராசிரியர் அந்த விதைக்குத் தண்ணீர் ஊற்றினார். ஒட்டுண்ணிப் புழுக்களை உடம்புக்கு வெளியே, கண்ணாடிக் குடுவையில் வளர்க்கப் பாடுபட்டவர் அவர். தன் வாழ்க்கையைத் திருப்பியவர் என்று கேம்பல் நன்றியோடு குறிப்பிடுவது அவரைத்தான்.

முகம் சுளிக்கும் மாணவர்களுக்கு நான் ஒன்று செய்து காட்டுவேன். ஆட்டுப் புழுக்கை நாலைந்தை உரலில் போட்டு, இனிமேல் கரையாது என்கிற அளவுக்கு உப்புக் கரைத்த தண்ணீரை ஊற்றி அரைக்க வேண்டும். டீ வடிகட்டியில் வடித்து, ஒரு சிறு குழாயில் விளிம்பு வரை நிரப்பி, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டை மூடி, கால் மணி நேரம் விட்டுவிட வேண்டும். புழுவின் முட்டைகள் அந்த உப்புத் தண்ணீரில் மிதந்து மேலே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். நுண்ணோக்கியில் வைத்தால் நீள்வட்டமாக, மெல்லிய தோலோடு, உள்ளே உரித்த மாதுளை முத்துகள் போல செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும் போதே சுளிப்பு போய்விடும். அடுத்த வாரம் வீட்டு ஆட்டின் புழுக்கையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவரும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

பி.எச்டி. முடிச்சவர் ஏன் மருந்து கம்பெனிக்குப் போனார்? ஆராய்ச்சி வேணும்னா பல்கலைக்கழகம்தானே?

நம் ஊரிலும் இந்த எண்ணம் அதிகம். ஆனால் புழுவுக்கு மருந்து கண்டுபிடிப்பது ஒரு தனி ஆள், ஒரு சிறு ஆய்வகம் செய்கிற வேலை இல்லை. வேதியியலாளர், நுண்ணுயிரியலாளர், கால்நடை மருத்துவர், சோதனை விலங்குகளைப் பராமரிப்பவர் என்று பலர் ஒரே கூரையின் கீழ் வேண்டும். அந்தக் கூரை மெர்க்கில் இருந்தது.

அங்கே போனதும் ஐவர்மெக்டின் கிடைத்துவிடவில்லை. 1961-ல் மெர்க் வெளியிட்ட தயாபெண்டசோல் என்ற குடற்புழு மருந்தின் வேலையில் அவர் பங்கு உண்டு. பன்றி இறைச்சி வழியாகப் பரவும் டிரைக்கினெல்லா புழுவைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். புழுக்களின் இளம் பருவங்களை உறைய வைத்துப் பாதுகாக்கும் வழியையும் தேடினார். சோதனைக்குப் புழு வேண்டுமென்றால் அதுவரை ஆட்டுக்கு ஆடு மாற்றி உயிரோடு வைத்திருக்க வேண்டியிருந்தது. பெயர் வராத இந்த வேலைகளைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். சேர்ந்து பதினேழு ஆண்டு கழித்துத்தான் ஜப்பானிலிருந்து அந்த மண்ணின் கிருமி வந்தது.

ஐவர்மெக்டினைக் கண்டுபிடிச்சது கேம்பலா, ஓமுராவா?

எனக்கு அதிகம் வரும் கேள்வி இதுதான். இருவரும் என்பது சரியான பதில், ஆனால் போதாத பதில்.

சதோஷி ஓமுரா 1935-ல் ஜப்பானின் யமனாஷி பகுதியில் பிறந்தவர். டோக்கியோவில் இரவுப் பள்ளி ஆசிரியராக இருந்தார். பகலெல்லாம் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு எண்ணெய்க் கறையோடு பாடம் படிக்க வந்த மாணவர்களைப் பார்த்துத்தான் தானும் மேலே படிக்க வேண்டும் என்று கிளம்பியதாகச் சொல்லியிருக்கிறார். பிறகு கிடசாட்டோ ஆய்வு நிறுவனத்தில் மண்ணின் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து வளர்ப்பதில் பெரிய கைகாரர் ஆனார். போகும் இடமெல்லாம் மண் அள்ள பிளாஸ்டிக் பை வைத்திருப்பார். அமெரிக்காவில் சில காலம் இருந்தபோது ஏற்பட்ட தொடர்பால் 1973-ல் மெர்க்கோடு ஒப்பந்தம் போட்டார்: கிருமிகளை அவர் தேர்ந்தெடுத்து அனுப்புவார், அவர்கள் சோதித்துப் பார்ப்பார்கள்.

ஆயிரக்கணக்கான கிருமிகளில் வித்தியாசமாகத் தெரிந்த ஐம்பது அளவில் அவர் பொறுக்கி அனுப்பினார். அவற்றில் ஒன்று தயாரித்த பொருள் புழுவைக் கொல்கிறது என்று காட்டியது கேம்பலின் குழு. அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, அமைப்பைக் கண்டு, சிறிது மாற்றி ஐவர்மெக்டின் ஆக்கியவர்கள் மெர்க்கின் வேதியியலாளர்கள். யாரையாவது ஒருவரை எடுத்துவிட்டால் மருந்து இல்லை.

கோல்ஃப் மைதானத்து மண்ணுல அப்படி என்ன இருந்தது?

ஷிசுவோகா மாகாணத்தில் கடற்கரை ஓரமாக கவானா என்ற இடத்தில் ஒரு கோல்ஃப் மைதானம். அதன் பக்கத்திலிருந்து எடுத்த மண்ணில் ஸ்ட்ரெப்டோமைசிஸ் இனத்தைச் சேர்ந்த ஒரு பாக்டீரியா இருந்தது. புதுமழை பெய்ததும் மண்ணிலிருந்து கிளம்பும் வாசனை தெரியுமே, அதற்கு முக்கியக் காரணம் இந்த வகைப் பாக்டீரியாக்கள்தான். காசநோய்க்கு வந்த ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தும் இந்த இனத்திலிருந்து கிடைத்ததே.

புதிதாகக் கிடைத்ததற்கு ஸ்ட்ரெப்டோமைசிஸ் அவர்மிடிலிஸ் என்று பெயர் வைத்தார்கள். புழு இல்லாமல் செய்வது என்ற பொருள் அந்தப் பெயரிலேயே உண்டு. அது சுரக்கும் பொருளுக்கு அவர்மெக்டின் என்று பெயர். அதில் ஓர் இடத்தில் இருந்த இரட்டைப் பிணைப்பில் ஹைட்ரஜனைச் சேர்த்ததும் கிடைத்தது ஐவர்மெக்டின்.

ஒரே ஒரு எலியை வச்சா சோதிச்சாங்க?

ஆமாம், முதல் சல்லடையில் ஒரு மாதிரிக்கு ஒரு சுண்டெலி. எலியின் குடலில் வாழும் ஒருவகைப் புழுவை முதலில் எலிக்குத் தொற்ற வைப்பார்கள். கிருமி வளர்த்த குழம்பைச் சில நாள் தீவனத்தில் கலந்து கொடுப்பார்கள். பிறகு எச்சத்தில் முட்டை இருக்கிறதா, குடலில் புழு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றும் இல்லையென்றால் மறுபடி சோதிப்பார்கள்.

இது சிக்கனமான ஏற்பாடு, அதில் ஒரு புத்திசாலித்தனமும் உண்டு. அந்தக் காலத்தில் பலர் குழாயில் நீந்தும் புழுவின் மேல் பொருளைச் சொட்டிப் பார்த்தார்கள். குழாயில் புழுவைக் கொல்லும் ஆயிரம் பொருள்கள் உடம்புக்குள் போனால் வேலை செய்யாது, அல்லது உடம்பையே கெடுக்கும். உயிருள்ள எலியிலேயே தொடங்கினால் இரண்டு கேள்விக்கும் ஒரே நேரத்தில் பதில் கிடைத்துவிடுகிறது. கொரோனா கேள்விக்குப் பதில் சொல்லும்போது இந்த இடத்துக்குத் திரும்பி வருவேன்.

மருந்து புழுவை எப்படிக் கொல்லுது? நமக்கு ஒண்ணும் ஆகாதா?

புழுவின் நரம்பு, தசைச் செல்களில் குளோரைடு அயனிகள் போக ஒருவகைக் கதவுகள் உண்டு. குளுட்டமேட் என்ற பொருள் வந்து தொட்டால் திறக்கும். ஐவர்மெக்டின் அந்தக் கதவில் உட்கார்ந்து அதை மூட விடாமல் செய்துவிடும். புழுவின் உடல் தளரும், தொண்டைத் தசை இயங்காமல் இரை எடுக்க முடியாமல் போகும்.

நம் உடம்பில் அந்த வகைக் கதவு கிடையாது. அதற்குச் சொந்தக்காரக் கதவுகள் மூளையில் உண்டு. ஆனால் மூளையின் வாசலில் காவல் நிற்கும் ஒரு புரதம் இந்த மருந்தை உள்ளே விடாமல் திருப்பி அனுப்பிவிடுகிறது. கோலி இன நாய்கள் பலவற்றில் அந்தக் காவல் புரதம் பிறவியிலேயே பழுது. மற்ற நாய்கள் தாங்கும் அளவு அவற்றுக்குக் கோமா வரை கொண்டுபோகும். வீட்டு நாய்க்கு உண்ணி என்று கேட்காமல் ஊசி போடுபவர்கள் இதை மனதில் வையுங்கள்.

மாட்டு மருந்து மனுஷனுக்கு எப்படி வந்தது?

1981-ல் ஐவர்மெக்டின் கால்நடை மருந்தாகத்தான் சந்தைக்கு வந்தது. மாடு, ஆடு, குதிரை, பன்றி எல்லாவற்றுக்கும் மிகச் சிறிய அளவே போதும். உள்ளே இருக்கும் உருண்டைப் புழுக்களோடு தோலில் இருக்கும் சிரங்குப் பூச்சிகளையும் சேர்த்துத் தீர்த்தது. அப்படி இரண்டு பக்கமும் வேலை செய்த மருந்து அதுவரை கிடையாது.

அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, குதிரைகளில் சோதித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. குதிரையின் தோலில் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் ஊர்வதுண்டு. மருந்துக்குப் பிறகு அவை காணாமல் போயின. அந்தப் புழு, மனிதர்களுக்கு ஆற்றுக் குருடு என்ற நோயைக் கொடுக்கும் புழுவின் நெருங்கிய சொந்தம். வேகமாக ஓடும் ஆறுகளில் பெருகும் கருநிறச் சிறு ஈக்கள் கடித்து அந்த நோய் பரவும். தாய்ப்புழு தோலுக்கடியில் முடிச்சாகக் கிடக்கும். அதன் குஞ்சுகள் லட்சக்கணக்கில் தோலெங்கும் ஊர்ந்து, தாங்க முடியாத அரிப்பைக் கொடுத்து, கண்ணுக்குள்ளும் போய்ப் பார்வையைப் பறிக்கும். ஆப்பிரிக்காவில் ஆற்றோரத்து நல்ல நிலங்களை விட்டுவிட்டு ஊரே கிளம்பிப் போன இடங்கள் உண்டு. குதிரையில் நடந்தது மனிதனிலும் நடக்கலாம், பார்த்துவிட வேண்டும் என்று நிறுவனத்திடம் எடுத்துச் சொன்னவர் கேம்பல். அப்போது ஆய்வுத் தலைவராக இருந்த ராய் வாகெலோஸ் ஒப்புதல் கொடுத்தார்.

மனிதர்களிடம் சோதித்தவர் முகமது அசீஸ் என்ற மருத்துவர், இன்றைய வங்கதேசத்தில் பிறந்தவர். ஆப்பிரிக்காவில் வேலை பார்த்து இந்த நோயை நேரில் கண்டவர். 1981-ல் செனகல் நாட்டின் டக்கார் நகரில் முதல் சோதனை. ஒரே வேளை மருந்து, மிகச் சிறிய அளவில் தொடங்கினார்கள். பிறகு தோலில் துளி அளவு கிள்ளி எடுத்துத் தண்ணீரில் போட்டுப் பார்த்தார்கள். முன்பு அதிலிருந்து நெளிந்து வந்த புழுக்குஞ்சுகள் ஏறக்குறைய இல்லை. இந்தக் கதையைச் சொல்லும் பலர் அசீஸ் பெயரை விட்டுவிடுகிறார்கள். எனக்கு அதில் வருத்தம் உண்டு.

மருந்து கம்பெனி இலவசமா கொடுத்ததா? நம்ப முடியலையே.

கொடுத்தது, இன்னும் கொடுக்கிறது. 1987-ல் மெக்டிசான் என்ற பெயரில் மனிதர்களுக்கான மாத்திரைக்கு பிரான்சில் அனுமதி கிடைத்தது. தேவைப்படுகிறவர்கள் கையில் காசு இல்லை. பணம் போடக்கூடிய அரசுகளையும் அமைப்புகளையும் நிறுவனம் அணுகிப் பார்த்தது, பலிக்கவில்லை. அதற்குள் நிறுவனத் தலைவராகிவிட்ட வாகெலோஸ், வேண்டிய அளவு, வேண்டிய காலம் வரை இலவசம் என்று அந்த ஆண்டு அக்டோபரில் அறிவித்தார்.

கால்நடை மருந்தில் நிறுவனத்துக்கு நல்ல லாபம் வந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை. அதனால் இலவசத்தின் மதிப்பு குறைந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. லாபம் வந்த எல்லோரும் இப்படிச் செய்துவிடவில்லையே.

அடுத்த சிக்கல், டாக்டர் இல்லாத ஊருக்கு மாத்திரை எப்படிப் போவது? ஊர்க்காரர்களே தங்களில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்குப் பயிற்சி கொடுத்து, கையில் அளவுக்கோடு போட்ட ஒரு கம்பைக் கொடுத்தார்கள். எடை பார்க்கத் தராசு வேண்டாம். ஆளைக் கம்பின் பக்கத்தில் நிற்க வைத்து, உயரம் எந்தக் கோட்டைத் தொடுகிறதோ அத்தனை மாத்திரை. என்னை மிகவும் தொட்டது அந்தக் கம்புதான். கொலம்பியா, ஈக்வடார், மெக்சிகோ, குவாத்தமாலா ஆகிய நாடுகளில் நோய் ஒழிந்ததை உலக சுகாதார நிறுவனம் 2013-லிருந்து 2016-க்குள் ஒன்றன்பின் ஒன்றாக உறுதி செய்தது. ஆப்பிரிக்காவில் முதல் நாடாக நைஜர் 2025-ல் அந்த வரிசையில் சேர்ந்தது.

நல்ல மருந்துன்னா ஒரு தடவை போதாதா? ஏன் வருஷா வருஷம்?

ஒரு வேளை மருந்து குஞ்சுகளைத்தான் தீர்க்கிறது. தாய்ப்புழு சாவதில்லை, சில மாதம் குஞ்சு பொரிக்காமல் அடங்கிக் கிடக்கும். அந்தப் புழுவின் ஆயுள் பத்துப் பதினைந்து ஆண்டு. ஆகவே அது முதுமையில் சாகும்வரை ஆண்டுதோறும், சில இடங்களில் ஆண்டுக்கு இருமுறை, கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். குஞ்சு தோலில் இல்லையென்றால் ஈ அதை இன்னொருவருக்குக் கொண்டுபோக முடியாது. அரிப்பும் நிற்கும், பரவலும் நிற்கும்.

நம்ம ஊர் யானைக்காலுக்கும் இந்த மாத்திரைதானா?

இங்கே நெடுங்காலம் கொடுத்தது வேறு மருந்து: டி.இ.சி. என்று சுருக்கமாகச் சொல்லும் டைஎத்தில்கார்பமசைன். அதற்குப் பின்னால் இருப்பவர் நம் பக்கத்து மனிதர், எல்லப்பிரகடா சுப்பாராவ். அன்றைய சென்னை மாகாணத்தில், கோதாவரிக் கரைப்பக்கம் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். அமெரிக்கா போய் லெடர்லே நிறுவனத்தில் அவர் தலைமையில் இயங்கிய ஆய்வில் 1947-ல் வந்தது டி.இ.சி. அடுத்த ஆண்டே காலமாகிவிட்டார்.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவுக்கு இரவு ஒன்பது மணிக்கு மேல் விரலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்க வருவார்கள். பகலில் வந்தால் என்ன என்று அம்மா கோபப்படுவார். யானைக்கால் புழுவின் குஞ்சுகள் இங்கே பகலில் உள்ளுறுப்புகளின் ரத்தக் குழாய்களில் ஒதுங்கி, இரவில்தான் தோலுக்குக் கிட்டே வருகின்றன, அந்த நேரம்தான் கொசுவும் கடிக்கிறது என்பது படித்த பிறகே எனக்கு விளங்கியது. பிற்பாடு அந்தக் குஞ்சை உயிரோடு ஒரு சொட்டு ரத்தத்தில் பார்த்தேன். கண்ணாடி நூல் போல இருந்தது. அது துள்ளும்போது சுற்றியிருந்த சிவப்பணுக்கள் கூட்டத்தில் தள்ளுமுள்ளு போல விலகி விலகி விழுந்தன.

2017-ல் டி.இ.சி., அல்பெண்டசோல், ஐவர்மெக்டின் மூன்றையும் சேர்த்து ஒரே வேளையில் கொடுக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. 2018 கடைசியில் பீகார் மாநிலத்தில் தொடங்கி இந்தியாவிலும் சில மாவட்டங்களுக்கு அது வந்தது. சுப்பாராவின் மருந்தும் கேம்பலின் மருந்தும் ஒரே உள்ளங்கையில் வந்து சேர்ந்தது அப்போதுதான். இலங்கை இதற்கு முன்பே, டி.இ.சி.-யும் அல்பெண்டசோலும் மட்டும் கொடுத்து, 2016-ல் யானைக்கால் ஒழிப்புக்கான அங்கீகாரம் பெற்றுவிட்டது.

டி.இ.சி. 1947-லேயே இருந்ததுன்னா, ஆப்பிரிக்காவுல ஆற்றுக் குருடுக்கும் அதையே கொடுத்திருக்கலாமே?

கொடுத்துப் பார்த்தார்கள். டி.இ.சி. புழுக்குஞ்சுகளைத் தோலிலேயே சடசடவென்று கொன்றுவிடும். லட்சக்கணக்கில் செத்த குஞ்சுகளை எதிர்த்து உடம்பு கொந்தளிக்கும். கடும் அரிப்பு, காய்ச்சல், ரத்த அழுத்தச் சரிவு எல்லாம் வரும். கண்ணில் இருக்கும் குஞ்சு சாகும்போது மிச்சப் பார்வையும் போகலாம். ஆகவே ஊருக்கே கொடுக்க முடியாத மருந்தாகிவிட்டது. ஐவர்மெக்டினிலும் அரிப்பு வருவதுண்டு, ஆனால் தாங்கக்கூடிய அளவு. டக்காரில் அவ்வளவு சிறிய அளவில் தொடங்கியதற்கு இந்த அனுபவமே காரணம்.

ஐவர்மெக்டினிலும் ஓர் ஆபத்து உண்டு. மத்திய ஆப்பிரிக்காவில் லோவா லோவா என்ற இன்னொரு புழு இருக்கிறது. அதன் குஞ்சுகள் ரத்தத்தில் மிக அதிகமாக இருப்பவருக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் மூளை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து. அங்கே முதலில் ரத்தம் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துல பிள்ளைங்களுக்குக் கொடுக்கிற பூச்சி மாத்திரை இதுதானா?

இல்லை, அது அல்பெண்டசோல். ஆனால் நாலாம் கேள்வியில் வந்த தயாபெண்டசோலின் குடும்பத்தைச் சேர்ந்தது.

நரம்புச் சிலந்திக்கும் இது கேட்குமா?

கேட்காது. நரம்புச் சிலந்திப் புழுவைத் தீர்க்கும் மருந்து எதுவுமே கிடையாது. கால் தோலைப் பொத்துக்கொண்டு வரும் புழுவைக் குச்சியில் சுற்றிச் சுற்றி நாள்கணக்கில் வெளியே எடுப்பார்கள். அப்படியிருந்தும் இந்தியாவில் 1996-க்குப் பிறகு அது இல்லை. படிக்கட்டுக் கிணறுகளை மூடியும், குடிதண்ணீரைத் துணியில் வடிகட்டியுமே ஒழித்தார்கள்.

கொரோனாவுக்கு இது நல்ல மருந்துன்னு சொன்னாங்களே, மறைச்சுட்டாங்களா?

மறைக்கவில்லை, சோதித்தார்கள். 2020-ல் ஆஸ்திரேலியாவில் கண்ணாடிக் குடுவையில் வளர்த்த செல்களில் ஐவர்மெக்டின் வைரஸைக் கட்டுப்படுத்தியது என்று ஓர் ஆய்வு வந்தது. அதில் பயன்படுத்திய செறிவு, ஒருவர் வழக்கமான அளவில் மாத்திரை சாப்பிட்டால் ரத்தத்தில் வருவதைவிடப் பல மடங்கு அதிகம். எலி பற்றிய கேள்வியில் சொன்னது இதைத்தான்: குழாயில் நடப்பது வேறு, உடம்பில் நடப்பது வேறு. பிறகு ஆயிரக்கணக்கான நோயாளிகளை வைத்து முறையாக நடந்த பெரிய சோதனைகளில் பலன் தெரியவில்லை. 2021 செப்டம்பரில் இந்தியாவின் சிகிச்சை வழிகாட்டியிலிருந்தும் எடுத்துவிட்டார்கள்.

அந்த நாட்களில் பயத்தில் வாங்கிச் சாப்பிட்டவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. மூச்சுக்குத் தவிக்கும் அப்பாவுக்கு எது கிடைத்தாலும் கொடுக்கத்தான் தோன்றும். ஆனால் கோடிக்கணக்கான ஏழைகளின் கண்ணைக் காப்பாற்றிய மருந்தின் பெயர், அது செய்யாத ஒரு வேலைக்காகப் பலர் வாயில் அடிபட்டதில் எனக்கு மனக்கஷ்டம் உண்டு.

ஆட்டுக்கு வாங்கின மருந்தை சொறி சிரங்குக்கு நாமளும் போட்டுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். பொருள் ஒன்றாக இருந்தாலும் செறிவு வேறு, சேர்க்கும் திரவம் வேறு. மனிதர்களின் சிரங்குக்கு ஐவர்மெக்டின் மாத்திரையை டாக்டர்கள் எழுதுகிறார்கள். எடைக்கு ஏற்ற அளவில், ஒன்றிரண்டு வாரம் விட்டு இரண்டாம் வேளையும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. வீட்டில் எல்லோரும் ஒரே நேரத்தில் சிகிச்சை எடுத்து, துணி, போர்வையெல்லாம் வெந்நீரில் துவைக்காவிட்டால் மாத்திரை மட்டும் பலிக்காது.

ஆட்டுக்கு ஊசி போட்டால் எத்தனை நாள் இறைச்சிக்கு விற்கக்கூடாது, பால் கறந்து விற்கலாமா கூடாதா என்பதையும் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

முன்ன மாதிரி ஆட்டுக்கு இந்த மருந்து கேட்கலையே, டூப்ளிகேட்டா?

அப்படியும் இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் புழு பழகிவிட்டது. நாலாம் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழு இதில் கெட்டிக்காரன். மந்தை முழுக்கக் குறைந்த அளவில் அடிக்கடி ஊற்றினால், தாங்கும் புழுக்கள் மட்டும் மிஞ்சிப் பெருகும். மருந்து வந்து பத்தாண்டு ஆகும் முன்பே செம்மறிகளில் இது தெரிந்துவிட்டது. ஆட்டின் எடைக்குக் குறையாமல் கொடுங்கள், மருந்துக் குடும்பத்தை மாற்றச் சொல்லிக் கேளுங்கள். எல்லா ஆட்டுக்கும் ஊற்றாமல், கீழ் இமையை இழுத்துப் பார்த்து வெளுத்திருக்கும் ஆட்டுக்கு மட்டும் கொடுக்கும் முறையும் உண்டு. சாணத்தில் கழியும் மருந்து சாண வண்டுகளைப் பாதிக்கும் என்பதும் குறைவாகப் பயன்படுத்த இன்னொரு காரணம்.

நோபல்ல கேம்பலுக்குக் கால் பங்குதானாமே, நியாயமா?

2015 பரிசில் பாதி, மலேரியாவுக்கு ஆர்ட்டிமிசினின் தந்த சீனாவின் து யூயூவுக்கு. மீதிப் பாதியை கேம்பலும் ஓமுராவும் பகிர்ந்துகொண்டார்கள். மூவருக்கு மேல் ஒரு பரிசு கிடையாது, இறந்தவருக்கும் கிடையாது. அசீஸ் 1987-லேயே காலமாகிவிட்டார். இந்தப் பரிசு மெர்க்கில் தன்னோடு வேலை பார்த்த எல்லோருக்கும் உரியது என்று கேம்பல் தொடர்ந்து சொல்லி வந்திருக்கிறார்.

எனக்குப் பங்குக் கணக்கைவிட, புழு மருந்துக்கு நோபல் கிடைத்ததே பெரிது. ஒரு புழு புற்றுநோய் உண்டாக்குகிறது என்று கண்டதற்காக டென்மார்க்கின் ஃபிபிகருக்கு 1926-ஆம் ஆண்டுக்கான இதே பரிசைக் கொடுத்தார்கள், பின்னால் அது தவறு என்று ஆகிவிட்டது. அதற்குப் பிறகு ஒட்டுண்ணிப் புழு இந்த மேடைக்கு வர ஏறக்குறைய 90 ஆண்டுகள் ஆயின.

ஓய்வு பெற்ற பிறகு என்ன செய்தார்?

நியூ ஜெர்சியில் உள்ள டுரூ பல்கலைக்கழகத்தில் 2010 வரை இளநிலை மாணவர்களோடு ஆய்வு செய்தார். கவிதை எழுதுவார், நாடகத்தில் நடிப்பார். ஒட்டுண்ணிப் புழுக்களையே வண்ண வண்ண ஓவியமாகத் தீட்டுவார். மருந்தால் கொன்ற புழுவைத் தூரிகையால் அழகு பார்த்த மனிதர்.

என் பொண்ணு பிளஸ் டூ. இந்தத் துறைக்குப் போகணும்னா என்ன படிக்கணும்?

மூன்று வழிகள் எனக்குத் தெரியும். கால்நடை மருத்துவம் படித்து, ஒட்டுண்ணியியலில் முதுநிலை போகலாம். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் அது உண்டு. எம்.பி.பி.எஸ். படித்து எம்.டி. நுண்ணுயிரியல் எடுக்கலாம். இரண்டும் கிடைக்கவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம், கேம்பல் படித்தது வெறும் விலங்கியல். பி.எஸ்சி. விலங்கியலோ நுண்ணுயிரியலோ படித்து எம்.எஸ்சி. முடித்து, நெட் தேர்வு எழுதி உதவித்தொகையோடு பி.எச்டி. சேரலாம். புதுச்சேரியில் கொசு, யானைக்கால் ஆராய்ச்சிக்கென்றே உள்ள நோய்க்கடத்தி கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையத்தில் பொது சுகாதாரப் பூச்சியியல் என்ற எம்.எஸ்சி. படிப்பு நடத்துகிறார்கள்.

மதிப்பெண்ணைவிட, மணிக்கணக்கில் நுண்ணோக்கியில் உட்கார அவளுக்குப் பிடிக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு சனிக்கிழமை எங்கள் ஆய்வகத்துக்கு அழைத்து வாருங்கள். உரலும் உப்பும் இங்கே இருக்கின்றன, ஆட்டுப் புழுக்கை மட்டும் வரும் வழியில் பொறுக்கி வரச் சொல்லுங்கள்.